நீச்சத்தண்ணியில் ஒரு அனாமத்துக் கணக்கு

73.91 மில்லிகிராம்.

இந்த எண்ணை நீங்களும் பார்த்திருப்பீங்க. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறதாம், அதிலேயே தண்ணி ஊற்றி 12 மணி நேரம் ஊற வைத்தால் 73.91 ஆகிவிடுகிறதாம். வாட்ஸப்பில் வருமே, அதேதான். சில வடிவங்களில் கண்டுபிடித்தது அமெரிக்க விஞ்ஞானிகள், சிலவற்றில் அஸ்ஸாம் விஞ்ஞானிகள். கூடவே ஒரு மண்சட்டி, நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய் படம். அந்த இரண்டு தசம இடம்தான் இதில் விசேஷமே. 70னு சொல்லியிருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. 73.91னு சொன்னா, எவரோ உக்காந்து அளந்திருக்காங்கன்னு தோணிடுது இல்லையா?

எங்க பக்கம் பழைய சோற்றுத் தண்ணிக்குப் பேர் நீச்சத்தண்ணி. வேற ஊர்ல நீராகாரம். எங்க வீட்ல காலை சாப்பாடே பாதி நாள் அதுதான். அதனால இதை நக்கல் பண்ணி எழுதறேன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கும் அந்தக் கும்பாவில் பங்கு உண்டு.

ஆனா நான் பி.காம் மூன்றாம் வருஷம். வேதியியலுக்கும் எனக்கும் பத்தாவதோட உறவு முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச ஒரே அறிவியல் இரட்டைப் பதிவு முறைதான். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். எழுதி முடித்து இருப்பாய்வு போடும்போது இரண்டு பக்கமும் சமன் ஆகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் வைப்போம். எங்கே பிழை என்று தெரிகிற வரைக்கும் அது அங்கேயே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சட்டியில் வித்தியாசம் 70.51 மில்லிகிராம். எங்கிருந்து வந்தது?

இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா புளிப்பை உண்டாக்கும், வாயுவை உண்டாக்கும், சில வைட்டமின்களைக்கூட உண்டாக்கும். தனிமத்தை உண்டாக்க அதால் முடியாது. நட்சத்திரத்துக்குள்ளே நடக்கிற வேலை அது, அடுப்படியில் நடக்காது. ஆகவே சட்டிக்குள் இரும்பு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். வரும் வழி மொத்தம் மூணு: அரிசி, தண்ணீர், பாத்திரம்.

அரிசி? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் இரும்பு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதுவும் வேகாத அரிசிக்கு. சோறாக வடித்தால் தண்ணீர் சேர்ந்து 100 கிராமுக்கு இன்னும் குறையும். ஆக, நாம் சாப்பிடுகிற அரிசிக்கு 3.4 என்கிற ஆரம்ப இருப்பே ஊதிப் பெருத்தது. தண்ணீர்? குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு லிட்டர் முழுசா ஊற்றினாலும் அவ்வளவுதான். பாத்திரம்? மண்சட்டியோ எவர்சில்வரோ 70 மில்லிகிராம் கொடுக்கப் போவதில்லை.

ஆச்சு. மூணு பக்கமும் கதவு மூடியாச்சு. அனாமத்து அப்படியே நிற்கிறது.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். கணக்கு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கும்பா பழைய சோறு 300 கிராம் என்றால் 221 மில்லிகிராம் இரும்பு. ரத்தசோகைக்குத் தரும் மாத்திரை ஒன்றில் இருப்பதே 60 முதல் 100 மில்லிகிராம்தான். ஆக ஒரு கும்பா என்பது இரண்டு, மூணு மாத்திரையைச் சேர்த்து விழுங்கினதுக்குச் சமம். ஒரு நாளைக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவிலேயே இரும்பு நஞ்சாக ஆரம்பிக்கும். பத்து கிலோ குழந்தை அந்தக் கும்பாவைக் காலி பண்ணினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும், மலம் கறுப்பாகப் போகும். நீச்சத்தண்ணி குடிச்ச தலைமுறை தலைமுறையான விவசாயிகளுக்கு அப்படிப் போனதாக யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை. (சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிக்கணும்.)

ஒரு ஃபார்வர்டுக்குப் போய் இவ்வளவு ஆத்திரமா என்று கேட்பீங்க. காரணம் அம்மா.

போன வருஷம் அம்மாவுக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்கணும். சிவப்பு மாத்திரை கொடுத்து, மூணு மாசம் சாப்பிட்டுட்டு வாங்கன்னாங்க. அம்மா இரண்டு வாரம் சாப்பிட்டாங்க. வயிறு கட்டிக்கொண்டது, குமட்டல் வேறு. சரியாக அந்த வாரம்தான் ஊர்க்கார குரூப்பில் 73.91 வந்து இறங்கியது.

மாத்திரை அட்டை அரிசி டப்பா மேலே போய்விட்டது. தினமும் காலையில் ஒரு சொம்பு நீச்சத்தண்ணி.

"ஏம்மா, மாத்திரை என்னாச்சு?"

"இதுலயே எல்லாம் இருக்குடி. எங்கம்மா எல்லாம் மாத்திரையா தின்னுச்சு? எண்பது வயசு வரைக்கும் களை எடுத்துச்சு."

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 8.1.

அம்மா மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேலே. அந்த ஃபார்வர்டு போய்ச் சேருகிற குரூப் ஒவ்வொன்றிலும் அரிசி டப்பா மேலே எத்தனை அட்டை கிடக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

நிற்க. அம்மாச்சி பற்றி அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அம்மாச்சி களை எடுத்தது உண்மை. ஆனா அம்மாச்சி குடிச்சது இந்த நீச்சத்தண்ணி கிடையாது. ரேஷன் கடை வெள்ளை அரிசி அவங்க வீட்டுக்கு வந்ததே பிற்காலத்தில்தான். அதுக்கு முன்னாடி கம்பும் கேழ்வரகும்தான், அரிசி என்பது தீபாவளி சமாச்சாரம். அதே 2017 அட்டவணையைத் திறந்து பாருங்க: கேழ்வரகில் 100 கிராமுக்கு 4.6 மில்லிகிராம், கம்பில் 6.4. ஆரம்ப இருப்பே வேற!

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிறுதானியங்களின் தவிட்டில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அது இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடலை உறிஞ்ச விடாது. பேரேட்டில் தொகை இருக்கும், ஆனா வங்கி முடக்கி வைத்திருக்கும், எடுக்க முடியாது. அந்த முடக்கத்தை உடைக்கிறதுதான் புளிக்க வைக்கிற வேலை. மாவைப் பச்சையாகக் கரைத்து ஊற வைக்கும்போது தானியத்திலேயே இருக்கிற ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பைக் கொடுக்கக் கொடுக்க அந்த நொதிக்கு வேலை சுலபமாகிறது. இரும்பு ஒரு மில்லிகிராம்கூடக் கூடுவதில்லை. ஏற்கெனவே இருந்ததில் கையில் கிடைப்பது கூடுகிறது.

இப்போ வெள்ளைச் சோற்றைப் பாருங்க. தவிடு மில்லிலேயே போயாச்சு. மிச்சம் மீதி நொதியும் உலையில் வெந்தாச்சு. விடுவிக்க இரும்பும் அதிகம் இல்லை, விடுவிக்கிற ஆளும் இல்லை. மிஞ்சுவது பாக்டீரியாவின் புளிப்பு மட்டும்.

அந்தப் புளிப்பு ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. 2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா மாதிரி புளித்த உணவு, பாதிப் பேருக்கு நார்ச்சத்து உணவு, பத்து வாரம். புளித்தது சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனா ஒழுங்காகச் செய்தது. நீச்சத்தண்ணியும் உயிருள்ள பாக்டீரியா இருக்கிற பானம்தான், வெயிலுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனா 'புரோபயாடிக்' என்கிற பட்டம் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. 2001இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு வகுத்த இலக்கணப்படி உயிரோடு இருக்கணும், போதுமான அளவில் இருக்கணும், உடலுக்கு நன்மை செய்யணும். எந்த பாக்டீரியா, எத்தனை கோடி, என்ன நன்மை என்று காட்ட வேண்டும். வீட்டுச் சட்டியில் இன்னைக்கு ஒரு கூட்டம் இருக்கும், நாளைக்கு வேற கூட்டம். அதுக்காக அது மட்டமாகிவிடாது, பட்டம் இல்லாத வைத்தியர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. பல்லுவலிக்குப் போகலாம், ஆபரேஷனுக்குப் போகக்கூடாது.

(ஃபார்வர்டின் அடுத்த வரியில் பி12 வைட்டமின் பற்றியும் வரும். அது இரும்பு மாதிரி அடியோடு நடக்காத விஷயம் கிடையாது, பி12-ஐ உண்டாக்குவதே நுண்ணுயிர்கள்தான். ஆனா எல்லா பாக்டீரியாவுக்கும் அந்தத் தொழில் தெரியாது. சோற்றுத் தண்ணியில் வளர்கிற கூட்டத்தில் பெரும்பாலானதுக்குத் தெரியாது.)

இவ்வளவும் அம்மாவிடம் சொன்னேனா? சொன்னேன். அனாமத்துக் கணக்கு உட்பட. "உங்க காலேஜ்ல இதுக்குத்தான் ஃபீஸ் கட்றோமா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் அம்மாச்சி ரூட்டைப் பிடித்தேன். அம்மாச்சி செஞ்ச கூழையே செய்வோம்மா என்றதும் அம்மா முகம் மாறியது. செய்முறை எனக்குத் தெரியாது, அம்மா கைக்கு மறக்கவில்லை. சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்க.

ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு, இல்லாட்டி உடைத்த கம்பு. இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் பன்னிரண்டுக்கு மேலேகூட ஆகும். நேரத்தைப் பார்க்காதே, மூக்கைப் பார் என்பது அம்மாவின் கணக்கு. மாவு லேசாகப் பொங்கி, மேலே சின்னச் சின்னக் குமிழ் வந்து, மோர் மாதிரி ஒரு புளிச்ச வாசனை வரணும். அழுகின வாசனையோ, கலர் கலராகப் பூஞ்சையோ, கொழகொழப்போ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கைப்பிடி அரிசி நொய்யை நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேக வைத்து, புளித்த மாவை ஊற்றி, தீயைக் குறைத்து, கை விடாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். இந்த இடத்தில் போன் பேசக்கூடாது. அடி பிடித்தால் அவ்வளவுதான். வெந்துவிட்டதா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட வேண்டும், ஒட்டக்கூடாது. ஆறியதும் உருண்டை பிடித்துப் பானையில் போட்டு, முங்கும் வரை காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி இன்னொரு ராத்திரி. முதல் புளிப்பில் வந்த பாக்டீரியா எல்லாம் கொதியில் செத்துப்போயிருக்கும், இந்த இரண்டாவது ராத்திரியில்தான் கூழுக்குத் திரும்ப உயிர் வருகிறது. காலையில் உருண்டையைக் கையால் கரைத்து, மோர், உப்பு, அரிந்த சின்ன வெங்காயம் சேர்த்தால் முடிந்தது. தொட்டுக்க மோர் மிளகாய் வறுத்தது இருந்தால் நீங்க அதிர்ஷ்டசாலி. ஆடி மாசம் அம்மன் கோயிலில் வரிசையில் நின்று வாங்குகிற அதே ருசி.

நீச்சத்தண்ணிக்கு இவ்வளவு பாடு இல்லை, ஆனா ஒரு எச்சரிக்கை உண்டு. மத்தியானம் வடித்த சோறு அடுப்படியில் வெதுவெதுப்பாக ராத்திரி வரை கிடந்து, அப்புறம் தண்ணி ஊற்றுவது நல்லதில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா, அதன் வித்துகள் உலைக் கொதிப்பிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்து விடும் நஞ்சு, திரும்பச் சுட வைத்தாலும் போகாது. ஆகவே சோறு ஆறினதும் தண்ணி ஊற்றிவிட வேண்டும். முந்தின நாள் நல்ல நீச்சத்தண்ணியில் இரண்டு கரண்டி சேர்த்தால் சீக்கிரம் புளிக்கும், புளிப்பு ஏறினால் கெட்ட கூட்டத்துக்கு இடம் கிடைக்காது.

இவ்வளவுக்கு அப்புறமும் ஒரு டம்ளர் கூழில், 50 கிராம் கம்பு என்று வைத்தால், இரும்பு 3.2 மில்லிகிராம்தான். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29. நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். 8.1-ஐ 12-க்குத் தூக்கிவிடாது.

பரணில் கிடந்த அம்மாச்சியின் இரும்புச் சட்டியையும் இறக்கினோம். இது கணக்கில் நிஜமாகவே வரவு வைக்கக்கூடிய ஒன்று. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு மாதிரி புளிப்பானதைச் சமைத்தால் சட்டியிலிருந்து இரும்பு கரைந்து குழம்பில் சேரும், அளந்தே பார்த்திருக்கிறார்கள். சட்டி அந்த அளவுக்குத் தேயும். பற்றும் வரவும் சரி!

ஆனா வரவுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குச் செலவுப் பக்கம் ஒன்று இருப்பதைச் சுகாதார நிலைய டாக்டரம்மாதான் எடுத்துச் சொன்னாங்க. கூழுக்கு மாறி ஒரு மாதம் கழித்து வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். அவங்க கேட்ட முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றி இல்லை. "மாசா மாசம் எத்தனை நாள் போகுது? எத்தனை துணி மாத்துறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார்கள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்பது நாள், பத்து நாள் என்றார்கள். இரண்டு வருஷமாக. கட்டி கட்டியாக. நாற்பத்தஞ்சு வயசு, நிற்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். என்னிடமும் சொல்லவில்லை.

சராசரியாக ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். 80 மில்லி என்றாலே 40 மில்லிகிராம். உடம்பு சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1, 2 மில்லிகிராம்தான். மாத வருமானம் மொத்தமும் ஒரு வாரத்தில் வெளியே போகிற கடை அது. அந்தக் கடையில்தான் நாங்கள் சொம்பு சொம்பாக நீச்சத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. பெரிசு இல்லை, புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். போக்கைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையை நிறுத்தினதுக்குத் திட்டுவாங்கன்னு அம்மா பயந்துகொண்டே இருந்தார்கள், டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க என்றார்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் ஏறி, ஒரு நாள் வரைக்கும் அடுத்த இரும்பை உள்ளே விடாமல் கதவைச் சாத்துமாம். தினமும் போட்டாலும் அதில் ஒரு பகுதி வயிற்றைக் கட்டத்தான் ஆகும். டீயோடு போடாதீங்க, எலுமிச்சம் பழம் பிழிந்த தண்ணியோடு போடுங்க. நீச்சத்தண்ணி குடிக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, "தாராளமா குடிங்க, நானும் குடிக்கிறேன்" என்றார்கள். அம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள் பாருங்க...

நாலு மாதம் ஆச்சு. போன வாரம் 10.6. மாடி ஏறினால் இப்போ மூச்சு வாங்குவதில்லை. அடுத்த ஸ்கேன் தை மாசம்.

நேற்று பக்கத்து வீட்டு அத்தை வந்து, "என்ன மதினி, முகத்துல இப்பத்தான் ரத்தம் தெரியுது, என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். நான் உள்ளே இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"நீச்சத்தண்ணிதான்" என்றார்கள் அம்மா. கொஞ்சம் விட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆமா, உங்களுக்கு மாசா மாசம் எத்தனை நாள் போகுது?"